சாளரத்துக்கு எந்தத் திரை?



புது வீடு கட்டிக் குடிபுகவிருக்கும் வாசக சகோதரி ஒருவர் மடல் வரைந்திருக்கிறார். வீட்டில் பதினொரு சாளரங்களாம். துணித் திரையே போதும் என்கிறாராம் மாமியார். நகரத்துக் கடைக்காரர் சுருட்டும் திரை, பட்டைத் திரை என்று மாதிரிப் புத்தகங்களை விரித்து வைக்கிறாராம். வெளிநாட்டிலிருக்கும் கணவரோ மரத்தில் ஷட்டர் போடச் சொல்கிறாராம். "மார்க்கத்துக்கும் பொருந்த வேண்டும், புழுங்கியும் சாகக் கூடாது. எதைத் தேர்ந்தெடுப்பது?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

மத்ரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவனிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று முதலில் நகைத்தேன். அந்த நகைப்பு நீடிக்கவில்லை. ஏனெனில், என் சொந்த வீட்டிலேயே ஒரேயொரு சாளரத்தின் பொருட்டு, நான் அறியாமல், இரண்டாண்டுக் காலம் ஒருவர் துன்புற்றிருக்கிறார்.

எங்கள் வீடு கடற்கரை ஊரொன்றின் பழைய தெருவில் இருக்கிறது. அடுப்படியும் அதையொட்டிய பின்னறையும் மேற்குப் பார்த்தவை. வடமேற்கு மூலையில் ஓட்டு வீடொன்று இருந்தது. அதை இடித்துவிட்டு மாடி வீடு எழுப்பினார்கள். அந்த மாடியின் சாளரம் எங்கள் பின்னறையைச் சாய்வாக நோக்கியது. என் துணைவியார் ஒன்றும் சொல்லவில்லை. பின்னறைச் சாளரத்தின் கண்ணாடிக் கதவுகளைச் சாத்திக் கொண்டியிட்டு, உட்புறம் கனத்த திரையைத் தொங்கவிட்டார். நானும் கண்டேன். பேணுதல் உள்ள பெண் என்று உள்ளூரப் பெருமையும் கொண்டேன். அதற்கப்பால் என் சிந்தனை செல்லவில்லை.

பின்னர் ஒரு சித்திரை மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டது. முன்னறையில் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தமையால் பின்னறையில் ஐந்து நாட்கள் படுத்துக் கிடந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறை எப்படியிருக்கும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். சுவரில் கை வைக்க இயலவில்லை. மின்விசிறி அடுப்படியின் வெப்பத்தையே வாரி வாரி என்மீது கொட்டியது.

"இந்தச் சாளரத்தைத் திறந்து வைத்தாலென்ன?" என்று சலிப்போடு கேட்டேன்.

"திறந்தால் மாடி வீடு தெரியுமே! அவர்கள் வந்த நாளிலிருந்தே திறப்பதில்லை. இரண்டு வருஷமாகிறது. உங்களுக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

தெரியாதுதான். அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் கடற்காற்று வாங்கிக்கொண்டு மார்க்கச் சட்டம் பேசுகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? வீட்டின் மறைப்புக்கு விலை கொடுப்பவர் ஒருவர், பெருமை கொள்பவர் வேறொருவர். நம்மில் பல ஆண்களின் நிலை இதுதான் என்று எழுத எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

காய்ச்சல் நீங்கியதும் திரை தேடப் புறப்பட்டேன். மறைப்புக்கு மூன்று பகைவர்கள் உண்டு என்பதை அந்தத் தேடலில் கற்றேன். அந்நியப் பார்வை ஒன்று, வெயில் இரண்டு, மழை மூன்று. காற்று அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நாம் வாங்கும் பெரும்பாலான திரைகள் முதலில் காற்றைத்தான் நிறுத்துகின்றன. எங்கள் ஊரில் மாலைக் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. முன்வாசல் திறந்திருந்தாலும் மேற்கே வெளியேற வழியில்லாவிட்டால் அது உள்ளே நுழையாது. ஆக, பின்னறைச் சாளரம் அடைபட்டதால் வீடு முழுவதுமே புழுங்கியிருக்கிறது. பழியை மின்சார வாரியத்தின்மீது போட்டுக்கொண்டிருந்தோம்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். தெளிந்த ஒற்றைக் கண்ணாடி, தன்மீது விழும் வெயில் வெப்பத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கும் மேலாக உள்ளே விட்டுவிடும். உள்ளே தொங்கும் திரை அதை ஏற்றுச் சூடேறும். சூடேறிய துணியும் சுவரும் வெளிவிடும் வெப்பக் கதிர் வேறு வகையானது. கண்ணாடி அதை எளிதில் வெளியே போகவிடாது. எனவே கண்ணாடிக்கு உட்புறம் எவ்வளவு விலையுயர்ந்த திரை தொங்கினாலும், வெப்பம் வீட்டுக்குள் வந்தபின் தடுப்பதாகவே அது அமையும். வெண்மையான திரையாயின் ஓரளவைத் திருப்பியனுப்பும், அவ்வளவே. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும். நம் பாட்டன்மார் தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி கட்டியதற்குக் காரணம் இதுவே. வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளிக்கும் வழக்கம் உள்நாட்டின் வறண்ட கோடைக்கு மிகப் பொருத்தமானது. ஈரக்காற்று வீசும் கடற்கரையில் நீர் விரைந்து ஆவியாகாது என்பதால் அங்கே அதன் பயன் குறைவு. மணம் வேண்டுமானால் கிடைக்கும்.

இவ்வளவையும் அறியுமுன்பே நகரத்துக் கடைக்குச் சென்றுவிட்டேன். மெல்லிய வலை போன்ற துணியால் ஆன ரோலர் திரையைக் காட்டினார்கள். "உள்ளிருந்து பார்த்தால் வெளியே தெரியும், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாது" என்றார் விற்பனையாளர். வாங்கி மாட்டினேன். பகலில் அவர் சொன்னது மெய்யாகவே இருந்தது. சாளரத்தைத் திறந்து வைத்துவிட்டுத் திரையை மட்டும் இறக்கிவிட்டோம். துணைவியாரின் முகம் மலர்ந்தது.

ஐந்தாறு நாட்கள் சென்றிருக்கும். இஷாவுக்குப் பிறகு தண்ணீர்க் குழாயை அடைக்கக் கொல்லைப்புறம் போனேன். திரும்பிப் பார்த்தவன் திடுக்கிட்டு நின்றேன். விளக்கெரியும் பின்னறை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. முக்காடு இல்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்த என் வீட்டாரைத் தோற்பாவைக் கூத்துப் பார்ப்பதுபோல் பார்த்தேன். காரணம் எளியது. வலைத்துணி எதையும் மறைப்பதில்லை. வெளிச்சம் மிகுந்த பக்கத்தில் நிற்பவருக்கு இருண்ட பக்கம் தெரிவதில்லை, அவ்வளவுதான். பகலில் வெளிச்சம் தெருவில் இருக்கிறது, மஃரிபுக்குப் பின் அது நம் அறைக்குள் வந்துவிடுகிறது. கண்ணாடியில் ஒட்டும் ஒருவழிக் காட்சித் தாளுக்கும் இதே விதிதான். விற்பவர் பொய் சொல்லவில்லை. இரவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்றிரவே அதைச் சுருட்டிக் கட்டிவிட்டு, அடுத்தபடியாக அலுமினியப் பட்டைகளால் ஆன வெனிஷியன் திரைக்குப் போனேன். குறுக்குப் பட்டைகளைச் சாய்த்து வைத்துப் பார்வையைத் தடுத்துக்கொண்டே காற்றை விடலாம். இது முன்னதைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பட்டைகள் காற்றில் கலகலவென்று அடித்துக்கொண்டன. வெயிலில் காய்ந்து அறைக்குள்ளேயே அனல் வீசின. அடுப்படிப் புகையின் பிசுக்கு ஒவ்வொரு பட்டையிலும் படிந்தது. பட்டை பட்டையாகத் துடைக்கும் வேலை யார் தலையில் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்போம். ஒருநாள் எங்கள் இளைய மகள் கட்டில்மீது ஏறி நின்று, திரையின் இழுகயிற்றை மாலைபோல் கழுத்தில் போட்டுக்கொண்டு, "வாப்பா, நான் மணப்பெண்!" என்றாள். அவளுக்கு அப்போது மூன்று வயது. கட்டிலிலிருந்து அவள் குதிக்குமுன் பற்றிக்கொண்டேன், அல்ஹம்துலில்லாஹ். அன்று மாலையே அந்தத் திரை இறங்கியது.

இது என் வீட்டில் மட்டும் நேர்ந்த அச்சமன்று. அமெரிக்காவில் சாளரத் திரைகளின் கயிறுகளில் கழுத்து இறுகி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது பேர் இறந்து வந்துள்ளதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டிருக்கிறது. கடைகளில் ஆயத்தமாக விற்கப்படும் திரைகளில் கயிறே இருக்கக் கூடாது, இருந்தால் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது என்ற தரவிதி அங்கே 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆணையம் 1996இல் மற்றோர் எச்சரிக்கையும் விடுத்தது. இறக்குமதியான சிலவகை வினைல் பட்டைத் திரைகளில் ஈயம் கலந்திருந்தது. வெயிலிலும் வெப்பத்திலும் அந்த வினைல் நைந்து, ஈயத் தூசு பட்டைகளின்மீது படிந்தது. தொட்ட கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அது நஞ்சு. நம் கடைகளில் விற்பவை எந்தச் சரக்கு என்று நமக்கு யார் சொல்வார்? குழந்தைகள் நடமாடும் வீட்டில் மலிவான பழைய வினைல் பட்டைகளை நான் மாட்டமாட்டேன். கயிறோ மணிச்சங்கிலியோ தொங்கும் எதையும் மாட்டமாட்டேன். ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் சங்கிலியைச் சுவரோடு இறுக்கிப் பிணைத்து, கட்டிலையும் நாற்காலியையும் சாளரத்தடியிலிருந்து இன்றே நகர்த்திவிட வேண்டும்.

கடைசியாக எங்கள் தெருவுக்கு நாற்பது ஆண்டுகளாகக் கதவு செய்து கொடுக்கும் முதிய ஆசாரியிடம் போனேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "இதை முதலிலேயே கேட்டிருக்கக் கூடாதா, பாய்? உங்க வாப்பா காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்ததுதானே! கண்ணாடி வந்ததும் கழற்றி அடுப்பெரித்தீங்க" என்றார்.

அவர் செய்து தந்தது பட்டை வைத்த மரக் கதவு. கண்ணாடிக் கதவுகளைக் கழற்றிவிட்டு, அதே நிலையில், கம்பிக்கு வெளிப்புறம் திறக்கும்படி பொருத்தினார். "பட்டையை வெளிப்பக்கம் தாழ்த்தி வைக்கணும். மழையும் வழியும், கண்ணும் வழுக்கும்" என்றார். அந்தச் சாய்வின் சூட்சுமத்தைப் பின்னர் நான் நின்றும் குனிந்தும் சோதித்துப் பார்த்தேன். மாடியிலிருந்து கீழ்நோக்குபவருக்கு மரம்தான் தெரிகிறது. தாழ்வான இடத்திலிருந்து மேல்நோக்குபவருக்கு அறையின் முகடு மட்டுமே தெரிகிறது. நேர்மட்டத்தில் நின்று பார்ப்பவரையும் தடுக்க வேண்டுமானால், மேற்பட்டையின் வெளிவிளிம்பு கீழ்ப்பட்டையின் உள்விளிம்பைவிடச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். ஆசாரிகள் சிலர் மரத்தை மிச்சம் பிடிக்க இந்த இடத்தில் பட்டைகளை அகல வைத்துவிடுவார்கள். அளவெடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மறைப்பு சாய்விலும் நெருக்கத்திலும் இருப்பதால், இரவில் விளக்கெரிந்தாலும் அது மறைப்பாகவே இருக்கிறது. வெயில் மரத்தில் விழுந்து வெளியிலேயே நின்றுவிடுகிறது. காற்று மட்டும் பட்டைகளின் ஊடே வழி கண்டுகொள்கிறது.

குறையே இல்லையா என்றால், உண்டு. அறை சற்று இருண்டுவிட்டது. காலையில் கதவை விரியத் திறந்து வைத்து, மாடி வீட்டில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன் சாத்துகிறோம். ஐப்பசி மழையில் மரம் ஊறிக் கதவு பிடிக்கிறது. உப்புக் காற்றில் இரும்புக் கீல் ஈராண்டுகூடத் தாங்காது, பித்தளைக் கீல்தான் போட வேண்டியிருந்தது. பட்டைகளில் தூசு படியும். கொசுவுக்கு உட்புறம் தனியாக வலை அடிக்க வேண்டும், அதுவும் காற்றை ஓரளவு குறைக்கும். செலவோ அலுமினியத் திரையைப் போல் இருமடங்குக்கு மேல். ஆனாலும் முன்பு வாங்கி வீணாக்கிய இரண்டு திரைகளின் விலையையும் கூட்டிப் பார்த்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன்.

பார்வையைத் தடுத்துக் காற்றை விடும் இந்தக் கலை நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. ஹஜ், உம்ராவுக்குச் சென்றவர்களில் சிலர் ஜித்தாவின் பழைய நகரான பலத் பகுதியில், வீட்டு முகப்பிலிருந்து புடைத்து நிற்கும் மரச்சாளரங்களைக் கண்டிருப்பீர்கள். ரவ்ஷான் என்பது அவற்றின் பெயர். 2014இல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. எகிப்தில் இதனை மஷ்ரபிய்யா என்பர். கெய்ரோவில் 1648ஆம் ஆண்டைச் சேர்ந்த சுஹைமி இல்லத்தின் மஷ்ரபிய்யாக்களை நான் படங்களில்தான் கண்டிருக்கிறேன். கடைந்தெடுத்த சிறுசிறு மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த கிராதி அது. பருகுதல் என்னும் பொருளுள்ள அரபு வேர்ச்சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கூறுவர். தண்ணீர் குளிர்வதற்காக மண்கூஜாக்களை அங்கே வைப்பது வழக்கமாம். எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி (1900 - 1989) இதனை ஆராய்ந்து எழுதியவர். வெளிச்சத்தை மட்டுப்படுத்தல், காற்றோட்டத்தை ஒழுங்கு செய்தல், அதன் வெப்பத்தைக் குறைத்தல், ஈரப்பதத்தைக் கூட்டல், இல்லத்தின் மறைவைக் காத்தல் என்று ஐந்து பணிகளை அவர் எடுத்துக்காட்டினார். கண்மட்டத்தில் கிராதியின் இடைவெளி சிறிதாகவும், அதற்கு மேலே பெரிதாகவும் இருக்குமாம். கீழே பார்வை தடைபடும், மேலே காற்று தாராளமாகப் புகும். அந்தத் தச்சர்கள் கடையில் மாதிரிப் புத்தகம் பார்த்து வேலை கற்றவர்களல்லர்.

மார்க்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்று சகோதரி கேட்டதற்கும் விடை சொல்ல வேண்டும். மறைப்பின் முழுப் பொறுப்பையும் உள்ளிருப்பவர்மீது சுமத்தும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. நபி (ஸல்) அவர்களின் அறைக் கதவிலிருந்த துளை வழியே ஒருவர் எட்டிப் பார்த்த நிகழ்ச்சியை ஹதீஸ் நூல்களில் படித்திருப்பீர்கள். அங்கே கண்டிக்கப்பட்டவர் பார்த்தவரே. வீட்டில் நுழைய அனுமதி கேட்கும் முறை ஏற்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்பது அந்த ஹதீஸின் கருத்து. மாலிகி மத்ஹபின் பெருநூலாகிய முதவ்வனாவில் மற்றொரு செய்தி வருகிறது. ஒருவர் அண்டை வீட்டை அடுத்து மாடியறை கட்டி அதில் துளைச் சாளரங்களைத் திறந்தார். வழக்கு கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் போயிற்று. அந்தச் சாளரத்தின் பின்னே ஒரு கட்டிலை இட்டு, அதன்மேல் ஒருவரை நிற்கச் செய்யுமாறு அவர்கள் எழுதியனுப்பினார்கள். நிற்பவருக்கு அண்டை வீட்டின் உட்புறம் தெரிந்தால் சாளரத்தைத் தடுக்க வேண்டும், தெரியாவிட்டால் தடுக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. கட்டில் போட்டு அளந்து பார்க்கும் அந்த நுட்பத்தை எத்தனை முறை பாடம் நடத்தினாலும் நான் வியக்காமல் இருந்ததில்லை. மாடி கட்டுகிறவர், தம் சாளரம் யார் வீட்டுக்குள் பார்க்கும் என்று கட்டுவதற்கு முன்பே எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

இந்தப் பாடத்தை மாடி வீட்டாருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் எண்ணம். வாய் வரவில்லை. மரக் கதவு போட்ட பின்பு, ஒரு வலீமா விருந்தில் அந்த வீட்டுப் பெண்மணியும் என் துணைவியாரும் அடுத்தடுத்து அமர நேர்ந்திருக்கிறது. பேச்சு சாளரத்தைப் பற்றித் திரும்பியதும் அந்தப் பெண்மணி சொன்னாராம்: "நாங்கள் அந்தச் சாளரத்தைத் திறப்பதே இல்லை லாத்தா! உங்கள் கொல்லைக் கிணற்றடியில் ஹஜ்ரத் ஒளுச் செய்துகொண்டிருப்பார்களே, அவர்கள் கண்ணில் படக் கூடாதே என்று குடிவந்த நாளிலேயே சாத்திவிட்டோம்."

துணைவியார் வந்து இதைச் சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

சகோதரிக்கு இனி நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். பதினொரு சாளரங்களுக்கும் ஒரே வகைத் திரை வேண்டாம். மேற்குப் பார்த்தவற்றுக்கும், அடுத்த வீட்டாரின் பார்வை விழக்கூடியவற்றுக்கும் உங்கள் கணவர் சொன்னபடியே பட்டை வைத்த மர ஷட்டர் போடுங்கள். முதல் செலவு அடுப்படிச் சாளரத்துக்காகட்டும், வரவேற்பறைக்கு வேண்டாம். கிழக்கிலும், எவர் கண்ணும் எட்டாத மாடியறையிலும் உங்கள் மாமியார் சொல்லும் துணித் திரை தாராளமாகப் போதும். சாளரத்தின் கீழ்ப்பாதிக்கு மட்டும் திரை கட்டி மேற்பாதியைத் திறந்துவிடும் பழைய வழக்கம் தெருப்பக்கத்துக்கு இன்னும் நல்லது. வடக்குச் சாளரத்தில் வெயிலே வராது என்று கட்டடக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். நம் பகுதியில் சித்திரை முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் வடபக்கம் சாய்ந்தே நிற்கும். அங்கே அகலமான சன்ஷேடு வைத்தால் போதும். மேற்கே தாழ்ந்து வரும் மாலை வெயிலுக்குச் சன்ஷேடு உதவாது. குளியலறைக்கு உயரத்தில் சிறு சாளரமும் சொரசொரப்புக் கண்ணாடியும். சுருட்டும் திரைதான் வேண்டுமென்றால் கயிறில்லாததாக, வலைத்துணி அல்லாததாக வாங்குங்கள். எதை மாட்டினாலும் குடிபுகுமுன் ஒருநாள் மஃரிபுக்குப் பின் எல்லா விளக்குகளையும் ஏற்றிவிட்டு, வெளியே சென்று வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள்.

முற்றத்துக்கு இடம் விட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கண்ணாடி வழியாக வரும் வெயிலில் உடம்புக்கு வைட்டமின் டி கிடைக்காது, அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். பிறர் பார்வை படாமல் வெயில் மேனியில் படும் இடம் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். சுவர் எழும்பிவிட்டதென்றால் மொட்டை மாடியில் ஆளுயரக் கைப்பிடிச் சுவராவது வையுங்கள்.

ஆசாரி சென்ற வாரம் மாடி வீட்டில் அளவெடுத்துச் சென்றிருக்கிறார். நான் ஒளுச் செய்யும் இடத்தைத் தென்னைக்கு அப்பால் மாற்றிக்கொண்டேன்.